மூக்கைத் தொட்ட கைகள்

பத்தர் ஊசியைத் தன் வேட்டி நுனியில் ஒரு துடை துடைத்தார். பிறகு என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். கடைக்குள் கரி அடுப்பின் புகை. அவர் வாயில் வெற்றிலை.

"மூச்சைப் புடிச்சுக்கோம்மா."

பிடித்தேன். குத்தினார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"அழாதேம்மா, முடிஞ்சுது."

"நான் அழலை. மூக்குல குத்தினா யாருக்கும் கண்ணுல தண்ணி வரும். நீங்க வேலையைப் பாருங்க."

அவர் சிரித்துக்கொண்டே தங்கக் கம்பியை ஓட்டையில் விட்டு, சின்ன வளையமாக முறுக்கினார். கண்ணாடியைக் கையில் கொடுத்தார். மூக்கு சிவந்திருந்தது. கம்பி மின்னியது. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

"தினம் எண்ணெய் தொட்டு வளையத்தைச் சுத்தி வுடு. வுடலைன்னா சதை ஒட்டிக்கும்" என்றார் பத்தர்.

மூக்கு குத்திக்கொண்ட எல்லாப் பெண்களிடமும் எல்லாப் பத்தர்களும் சொல்லும் வாக்கியம்தான் இது. இதைக் கேட்டு என் மூக்கு பட்ட பாட்டைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன்.

தாம்பரம் மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் இருந்தது அந்தக் கடை. எந்த வருஷம் என்று கேட்டு யாரும் எழுத வேண்டாம். அறுபதுகளின் கடைசியோ, எழுபதுகளின் தொடக்கமோ. சேலையூரில் எங்கள் தெருவுக்கு விளக்குக் கம்பம் வந்திருந்தது, தண்ணீர்க் குழாய் வரவில்லை. அதற்குமேல் எனக்கு நினைவில்லை.

ஆசைக்குக் காரணம்

போன வாரம் நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்த காலத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "நீங்கள் ஏன் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். நாள் முழுக்க நாற்பது பேர் தப்புத் தப்பாக மெஷினைத் தட்டும் சத்தத்தைக் கேட்டுப் பார்த்துவிட்டு அவர் கேட்கட்டும்.

அந்த வேலையில்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து மூக்குக் கம்பி வாங்கினேன்.

ஆசையைக் கிளப்பிவிட்டவள் அஞ்சலை. கடற்கரைக் குப்பத்திலிருந்து கிளம்பி, மேடவாக்கம் வழியாக பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டே மீன் கூடையோடு வந்து சேருவாள். கூடையை எங்கள் வாசலில் இறக்கி வைத்து நிமிரும்போது அவள் மூக்கில் இருக்கும் எட்டுக்கல் மூக்குத்தி வெயிலைப் பிடித்துத் திருப்பி அடிக்கும். அவள் விலை சொல்வதை நான் கேட்டதே இல்லை. மூக்கையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"இன்னா பொண்ணு, மீனைப் பாக்காம என் மூஞ்சியையே பாத்துகினு கீற?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"மூக்குத்தியைப் பார்க்கிறேன்."

"அதுக்கு இன்னா? நீயும் குத்திக்கினா போச்சு."

"எங்க வீட்டுல குத்தமாட்டாங்க."

"வூட்டுக்கா மூக்கு கீது? உனக்குத்தானே கீது?"

அழகாக இருந்தது, ஆசைப்பட்டேன், குத்திக்கொண்டேன். இதற்குமேல் காரணம் கேட்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

அப்பாவின் கட்சி

அப்பா பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். எங்கள் சர்ச்சின் சபைக் கமிட்டியிலும் இருந்தார். எங்கள் சபையில் அந்தக் காலத்தில் மூக்கு குத்தியவர்கள் யாரும் இல்லை. காதில் சின்னக் கம்மல் போட்டாலே, "போதும், போதும்" என்பார்கள்.

அப்பாவுக்கு இது வெறும் சபைப் பழக்கம் இல்லை. அவர் குடும்பம் தெற்கே திருநெல்வேலிப் பக்கம். அங்கே முதன்முதலில் ஞானஸ்நானம் எடுத்த பெண்கள், தோளைத் தொடும்படி வளர்த்த காதுகளை அறுத்துத் தைத்துக்கொண்டார்களாம். காதிலும் மூக்கிலும் இருந்ததை எல்லாம் கழற்றிக் காணிக்கைத் தட்டில் போட்டார்களாம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இதைச் சொல்லிக் கண் கலங்குவார். வெறும் மூக்குதான் எங்கள் குடும்பத்தின் கொடி.

எனக்கும் அந்தக் கதை பிடிக்கும். ஆனால் அந்தப் பெண்கள் தங்கள் மூக்கைப் பற்றித் தாங்களே முடிவெடுத்தார்கள் என்ற இடத்தை அப்பா எப்போதும் வேகமாகத் தாண்டிவிடுவார்.

அன்று சாயங்காலம் அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். கால் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கழட்டு."

"மாட்டேன்."

"ரெபேக்கா, கழட்டுன்னு சொன்னேன்."

"என் சம்பளத்துல, என் மூக்குல போட்டிருக்கேன். கழட்ட மாட்டேன்."

"அதைக் கழட்டற வரைக்கும் உன்கூட எனக்குப் பேச்சு இல்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கோபம் வரும். எனக்குச் சத்தமாக வரும், அப்பாவுக்கு மௌனமாக வரும். சத்தத்தைவிட மௌனம் கஷ்டம். சாப்பாட்டு மேசையில் அவர் என்னைத் தாண்டி அம்மாவிடம், "உப்பை இந்தப் பக்கம் நகர்த்தச் சொல்லு" என்பார். உப்பு என் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கும்.

நானும் நகர்த்த மாட்டேன். அம்மா எழுந்து சுற்றி வந்து நகர்த்துவாள்.

ஆளுக்கொரு திருகு

மூக்கு குத்திக்கொண்ட பெண்ணின் மூக்கு ஊருக்குப் பொதுச்சொத்து. இது எனக்கு முன்பு தெரியாது.

காலையில் அஞ்சலை வருவாள். மீன் அலசிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "காட்டு, காட்டு. ஒட்டிக்கினு கீதா பாக்கலாம்" என்று வளையத்தை ஒரு சுற்று சுற்றுவாள். "நல்லாத்தான் கீது. நாளைக்கு வந்து இன்னொரு தபா சுத்தறேன்."

மத்தியானம் இன்ஸ்டிட்யூட்டில் பெண்கள் சூழ்ந்துகொள்வார்கள். ரிப்பன் மை ஒட்டிய விரல்கள். "மேடம், எங்க அக்காவுக்கு ஒட்டிக்கிச்சு மேடம், பத்தர் மறுபடியும் குத்தினாரு" என்று சொல்லி ஒருத்தி சுற்றுவாள். அடுத்தவள், "நீ தப்பாச் சுத்தறே" என்று எதிர்ப்பக்கம் சுற்றுவாள். அவர்களுக்கு நான் டீச்சர். ஆனால் மூக்கு விஷயத்தில் எனக்கு ஒரு மரியாதையும் இல்லை.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கோமளா அக்கா கிண்ணத்தோடு வருவார். தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்து, கெட்டியாக அப்பி, அதோடு ஒரு சுற்று. "வலிக்குதா? வலிச்சா ஆறுதுன்னு அர்த்தம்" என்பார். இப்படி ஒரு அர்த்தத்தை யார் கண்டுபிடித்தது என்று தெரியவில்லை.

அம்மா தன் பங்குக்கு ஜெபக் கூட்டத்திலிருந்து கொண்டுவந்த எண்ணெயைத் தொட்டு வைப்பாள்.

இதில் ஒருவர்கூட என்மேல் கெட்ட எண்ணத்தில் தொடவில்லை. எல்லாம் பாசம். அதனால்தான் என் வாய் அடைத்துப்போயிருந்தது. கெட்ட எண்ணத்தில் தொட்டிருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பேன்.

முதல் சில நாட்கள் கம்பியைச் சுற்றி வெளுப்பாக, காய்ந்த கஞ்சி மாதிரி ஒட்டியிருந்தது. அது சாதாரணம், எல்லோருக்கும் வரும். அதை விட்டிருந்தால் தானாக உதிர்ந்திருக்கும். ஒவ்வொரு முறை சுற்றும்போதும் அந்தப் பொருக்கும், எண்ணெயும், மஞ்சளும், மையும், மீன் வாடையும் சேர்ந்து ஓட்டைக்குள் போயின.

அப்புறம் மூக்கு சிவந்தது. சூடானது. உள்ளே யாரோ சுத்தியல் வைத்து அடிப்பதுபோல விண்விண் என்று தெறித்தது. மஞ்சளாகச் சீழ் வந்தது. தும்மல் வந்தால் செத்தேன் என்று நினைப்பேன்.

"இன்னாம்மா இது, மூக்கு தக்காளிப் பழம் மாதிரி கீது?" என்றாள் அஞ்சலை. "வசம்பைச் சுட்டு வெச்சா வத்திப்பூடும். இரு, ஒரு தபா சுத்திப் பாக்கறேன்."

கோமளா அக்கா மஞ்சளை இரண்டு மடங்காக்கினார்.

அம்மா என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "அப்பா பேச்சைக் கேக்கலை. கர்த்தர் காட்டிட்டாரு பாரு."

"கர்த்தருக்கு வேற வேலை இல்லையா? சேலையூர்ல ஒரு மூக்கைப் பாத்துக்கிட்டா உக்காந்திருக்காரு?"

"வாயைக் கழுவு."

வாயைக் கழுவினேன். ஆனால் கவலை எனக்கும் இருந்தது. கர்த்தரைப் பற்றி இல்லை, கம்பியைப் பற்றி. மூக்கு இப்படி வீங்கினால் கழற்றியே ஆக வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். கழற்றினால் ஓட்டை மூடிக்கொள்ளும். மறுபடி குத்துவது இந்த வீட்டில் ஒரு நாளும் நடக்காது. அப்பா ஒரு வார்த்தை பேசாமலே ஜெயித்துவிடுவார்.

கேம்ப் ரோட்டில் ஒரு சைக்கிள்

காய்ச்சல் வந்த அன்று இன்ஸ்டிட்யூட்டுக்குப் போகவில்லை. அப்பா பள்ளிக்கூடம் முடிந்து வந்து, என் பக்கம் பார்க்காமலே அம்மாவிடம் சொன்னார்.

"டாக்டரம்மாகிட்ட போகணும். கிளம்பச் சொல்லு."

சைக்கிள் கேரியரில் உட்கார்ந்தேன். இருபது வயதுப் பெண்ணைப் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு வாத்தியார் கேம்ப் ரோட்டில் மிதித்துக்கொண்டு போனார். எதிரே வந்த மாணவர்கள் எல்லோரும் சைக்கிளை விட்டு இறங்கி நின்று, "வணக்கம் சார்" என்றார்கள். என் மூக்கைப் பார்த்துவிட்டு ஏறிப் போனார்கள். அப்பா வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பள்ளம் வந்தபோதெல்லாம் வேகத்தைக் குறைத்தார். எனக்கு வலிக்கக் கூடாது என்று குறைத்தாரா, டயருக்காகக் குறைத்தாரா என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. யோசிக்கும் நிலையில் இல்லை.

டாக்டரம்மா

தாம்பரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் டாக்டரம்மாவின் கிளினிக். என்னைவிடக் கோபக்காரி என்று நான் ஒப்புக்கொள்ளும் ஒரே பெண்மணி அவர். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து, என் மூக்கைத் தொடாமலே குனிந்து பார்த்தார்.

"என்ன வச்சிருக்கே இதுல? சாம்பாரா?"

"மஞ்சள் எண்ணெய், டாக்டர்."

"யார் வச்சது?"

"பக்கத்து வீட்டு அக்கா."

"யாரெல்லாம் தொட்டாங்க?"

சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

"இது மூக்கா, பஸ் ஸ்டாண்டா? வர்றவங்க போறவங்க எல்லாம் இறங்கி ஏறியிருக்காங்க. ஊசியைக் காய்ச்சினாரா பத்தர்?"

"வேட்டியில துடைச்சாரு."

"பிரமாதம்."

இந்த இடத்தில்தான் அப்பா வாயைத் திறந்தார். அவர் குரலில் ஒரு திருப்தி இருந்தது.

"டாக்டர், முதல்ல அந்தக் கம்பியைக் கழட்டிடுங்க. அதுதானே எல்லாத்துக்கும் காரணம்?"

நான் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தேன்.

"கழட்டக் கூடாது" என்றார் டாக்டரம்மா.

"கூடாதா?"

"நீங்க சயன்ஸ் வாத்தியார்தானே சார்? ஒரு ஓட்டை வழியா சீழ் வடியுது. நீங்க கம்பியை உருவினா வெளித்தோல் சட்டுனு மூடிக்கும். உள்ளே இருக்கறது எங்கே போகும்?"

அப்பா யோசித்தார். நன்றாக யோசித்தார். அவர் பைபிளுக்கு அடுத்தபடி நம்பியது சயன்ஸைத்தான். அது இப்போது என் கட்சியில் சேர்ந்துவிட்டது.

"உள்ளேயே நிக்கும்" என்றார் மெதுவாக.

"நின்னு கட்டியாகும். மூக்குல எலும்பு மாதிரி இருக்கே, அந்தக் குருத்தெலும்பு வரைக்கும் போச்சுன்னா மூக்கே கோணிப்போகும். நல்லா ஆறுற வரைக்கும் கம்பி அங்கேயே இருக்கட்டும். அதை யாரும் சுத்தக் கூடாது. நீ கூடத் தொடக் கூடாது, புரிஞ்சுதா?"

"சதை ஒட்டிக்கும்னு சொல்றாங்களே, டாக்டர்?"

"ஒட்டாது. சும்மா விட்டா ஆறும். எண்ணெய், மஞ்சள், வசம்பு, சாம்பல், பவுடர், ஒண்ணும் வேண்டாம். கொதிக்க வச்ச தண்ணியில கொஞ்சம் உப்புப் போட்டு, வெதுவெதுப்பா ஆனதும் சுத்தமான துணியில நனைச்சு வச்சு எடு. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. பொருக்கு தானா ஊறி வந்தா வரட்டும், நோண்டாதே. மாத்திரையை முழுசா முடி. நல்லாயிடுச்சுன்னு பாதியில நிறுத்தினா நான் வீட்டுக்கே வந்து அடிப்பேன். கன்னம் வரைக்கும் சிவந்தாலோ காய்ச்சல் ஏறினாலோ உடனே ஓடி வா."

பிறகு ஒரு ஊசியும் போட்டார். அந்த ஊசியைக் கொதிக்கும் தண்ணீரிலிருந்து இடுக்கியால் எடுத்ததை அப்பா உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உப்புத்தண்ணீர்

மறுநாள் காலை சமையலறையில் ஸ்டவ் சத்தம். அம்மா என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் அப்பா.

பள்ளிக்கூடத்து பீக்கர் ஒன்று எங்கிருந்தோ வந்திருந்தது. தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா உப்பைக் கரண்டியில் எடுத்து, மேலே இருந்ததை விரலால் வழித்துச் சமமாக்கி, அளவு பார்த்துப் போட்டார். வேட்டித் துணியில் சதுரமாகக் கிழித்த துண்டுகள் இன்னொரு பாத்திரத்தில் வெந்துகொண்டிருந்தன. என்னைப் பார்க்கவில்லை. ஆறியதும் பீக்கரை மேசையில் வைத்து, கரண்டியால் இரண்டு தட்டு தட்டினார். வா என்று அர்த்தம்.

நான் துணியை எடுக்கக் கை நீட்டினேன்.

"கையைக் கழுவினியா?"

மூக்கு குத்திய நாளுக்கு அப்புறம் என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். கம்பி மூக்கில்தான் இருந்தது. நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை. எனக்கும் கொஞ்சம் புத்தி உண்டு. போய்க் கழுவிவிட்டு வந்தேன்.

"சோப்புப் போட்டா?"

"சோப்புப் போட்டு."

"உக்காரு."

அதற்கப்புறம் அப்பா காவலுக்கும் நின்றார். அஞ்சலை கூடையை இறக்கிவிட்டு வழக்கம்போலக் கையை நீட்டியபோது வாசலில் குறுக்கே வந்தார்.

"தொடாதே."

"இன்னா சார், தொட்டா கரைஞ்சுடுமா? நான் பாத்து வளந்த பொண்ணு."

"உன் பொண்ணா இருந்தாலும் தொடாதே. டாக்டர் உத்தரவு."

"என் மூக்கை எங்க ஊர்ல அத்தினி பேரும் சுத்துனாங்க சார். மீனெண்ணெய்தான் வுட்டாங்க. இன்னா ஆச்சு எனக்கு?"

"உனக்கு அதிர்ஷ்டம்."

"அது மட்டும் கீதுன்றியா? அப்போ நான் ஏன் சார் மீன் கூடை தூக்கறேன்?"

அப்பா சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கதவை மறித்தபடிதான் நின்றார். கோமளா அக்காவின் கிண்ணமும் அந்தக் கதவைத் தாண்டவில்லை. "மஞ்சள் நல்ல கிருமிநாசினி சார்" என்று அவர் வாதாடினார். "நல்லதுதான், குழம்புல போடுங்க" என்றார் அப்பா.

வீக்கம் வற்றியது. சிவப்பு இறங்கியது. மாத்திரை தீரும்வரை போட்டேன். சாதாரணமாகத் தும்மிய முதல் நாள் வீடே நிம்மதியாக இருந்தது.

பெண் பிள்ளைகளுக்கு மூக்கு குத்தப் போகும் அம்மாக்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஊசியையும் கம்பியையும் உங்கள் கண் முன்னால் காய்ச்சச் சொல்லுங்கள். பத்தர் முறைத்தால் முறைக்கட்டும். அப்புறம் எல்லோர் கையையும் கட்டிப் போடுங்கள், முக்கியமாக உங்கள் கையை.

அண்ணாச்சியின் கேள்வி

மூக்கு ஆறியது. ஆனால் பிரச்சினை தீரவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்கிறதே.

ஞானமுத்து அண்ணாச்சி கமிட்டியில் மூத்தவர். அப்பாவின் ஊர்க்காரர். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அப்பாவை ஓரமாகக் கூப்பிட்டார். காதில் விழாத தூரத்தில் நிற்பதாக அவர் நினைத்துக்கொண்டார்.

"சார், கமிட்டியில பேச்சு வருது. பாட்டுக் குழுவுல நிக்கற பொண்ணு. நாளைக்கு எல்லாப் பிள்ளைகளும் கேட்கும். கழட்டச் சொல்லிடுங்க."

வீட்டில் அவர் என்னோடு பேசுவது வேறு, சபைக்கு முன்னால் நிற்பது வேறு. அந்தக் காணிக்கைத் தட்டுக் கதையைச் சொல்லியே அவர் அந்தக் கமிட்டியில் உட்கார்ந்திருந்தார்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கழட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க, அண்ணாச்சி. கழட்டினா சீழ் உள்ளே நின்னுடும். புண் ஆறட்டும்."

"ஓ, அப்படியா. அப்ப ஆறட்டும், ஆறட்டும்."

என் மூக்கில் அப்போது புண் என்று ஒன்றே கிடையாது. வகுப்பில் பொய் சொன்ன பையன்களை பெஞ்சு மேல் நிற்க வைத்த மனுஷன் அவர். நான் வாயைப் பொத்திக்கொண்டு செருப்பைத் தேடினேன்.

ஈஸ்டர் வந்தது. அண்ணாச்சி கேட்டார். "இன்னும் ஆறலை" என்றார் அப்பா. அறுவடைக் காணிக்கை படைக்கும் அறுப்பின் பண்டிகை வந்தது. "ஆறிக்கிட்டு வருது."

நடுவில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, கம்பியை மாற்றிக் கல் மூக்குத்தி போட்டுக்கொள்ளலாம் என்றார். சின்னதாக ஒரு சிவப்புக் கல் வாங்கினேன். அதை மாட்டுவதற்கு முன்னால் அப்பா வாங்கி, பீக்கரில் போட்டு, நன்றாகக் கொதிக்க விட்டுத்தான் கொடுத்தார். நன்றாக இருக்கிறது என்றோ, இல்லை என்றோ சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் ஆராதனை. கோயில் வாசலில் அண்ணாச்சி என்னை நிறுத்தி, கண்ணாடியை மேலே தூக்கி, குனிந்து பார்த்தார். பிறகு அப்பாவிடம் திரும்பினார்.

"ஏன் சார், போன தடவை கம்பி இருந்தது. இப்போ சிவப்புக் கல்லு மினுங்குது. புண்ணுக்கு இப்படியும் ஒரு வைத்தியமா? எத்தனை நாள்தான் ஆறாம இருக்கும் இந்த மூக்கு?"

பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அம்மா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். நான் சண்டைக்கு வாயைத் திறந்துவிட்டேன். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்க வீட்டு மூக்கு, அண்ணாச்சி. மெதுவாத்தான் ஆறும்."

அண்ணாச்சி கண்ணாடியை இறக்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் என் மூக்கைப் பற்றிக் கேட்கவே இல்லை.

அப்பா என் பக்கம் திரும்பினார்.

"பாட்டு ஆரம்பிக்கப் போறாங்க. முன் வரிசையில போய் நில்லு" என்றார்.